காத்தாடியும் மேகமும் ஒரே டைம்லாப்ஸில்: இறக்கை மட்டும் குதிக்கிறது, என்ன செய்யலாம்?

நாஞ்சில்வாசி

எல்லோருக்கும் வணக்கம். கேனன் 1500டி, அதோடு வந்த 18-55 லென்ஸ், ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கிய ஒரு இன்டர்வெலோமீட்டர் (குறித்த இடைவெளியில் தானாகப் படம் எடுக்க வைக்கும் கருவி), ஒரு சாதாரண டிரைபாட். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். ஆரல்வாய்மொழி கணவாய் பக்கம் ஆனி, ஆடியில் மேகம் மலையைத் தாண்டி வழிகிறதே, அதைக் காவல்கிணறு பக்கமிருந்து டைம்லாப்ஸாக (இடைவெளி விட்டு எடுத்த படங்களை அடுக்கி வேகமாக ஓட்டும் வீடியோ) எடுத்துக்கொண்டிருக்கிறேன். மேகம் நான் நினைத்ததைவிட அருமையாக வருகிறது. ஆனால் ஃபிரேமில் பாதிக்குக் காத்தாடிகள், அதாவது காற்றாலைகள், நிற்கின்றன (முப்பந்தல் பக்கம் கேமராவைத் திருப்பினால் காத்தாடி இல்லாமல் எடுக்கவே முடியாது), அவற்றின் இறக்கைகள் பேய் பிடித்த மாதிரி குதிக்கின்றன. ஒன்று முன்னால் சுற்றுகிறது, பக்கத்தில் இருப்பது பின்னால் சுற்றுகிறது, இன்னொன்று நின்ற இடத்திலேயே நடுங்குகிறது.

செட்டிங் இதுதான்: 3 விநாடிக்கு ஒரு படம், அப்பர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப்/11, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/200 விநாடி. எல்லாமே மேனுவல், வெள்ளைச் சமநிலைகூட வெயில் குறியில் பூட்டியாகிவிட்டது. அப்படியும் வீடியோவில் வெளிச்சம் லேசாக மினுக் மினுக் என்று அடிக்கிறது. நண்பர் ஒருவர் என்னடாவென்றால் இதற்கெல்லாம் மெனக்கெடாதே, வீடியோவாக எடுத்து வேகமாக ஓட்டிவிடு என்கிறார். எது சரி?

பழையலென்ஸ்

முதலில் இறக்கை. இதில் கேமரா மேல் குற்றமில்லை, கணக்குதான் காரணம். மூன்று இறக்கைக் காத்தாடி மூன்றில் ஒரு சுற்று சுற்றினாலே பார்வைக்குப் பழைய நிலைக்கே வந்துவிடும். உங்கள் பக்கம் இருக்கும் பழைய சின்னக் காத்தாடிகள் நிமிடத்துக்கு 40 சுற்று அளவில் ஓடுபவை, அப்படியானால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை விநாடி, மூன்றில் ஒன்றுக்கு அரை விநாடி. புதிதாக வந்திருக்கும் பெரியவை 15 சுற்று அளவுதான், அங்கே மூன்றில் ஒன்றுக்கு 1.3 விநாடி ஆகும். நீங்கள் 3 விநாடிக்கு ஒரு தடவை 1/200 நேரத்துக்கு மட்டும் கண்ணைத் திறந்து பார்க்கிறீர்கள். நடுவில் அந்த இறக்கை எத்தனை முறை இடம் மாறியது என்பது படத்துக்குத் தெரியாது, ஒவ்வொரு முறையும் அது எங்கே அகப்படுகிறதோ அங்கேதான் உறையும். அடுத்த படத்தில் சற்று முன்னால் அகப்பட்டால் முன்னால் சுற்றுவது போலவும், சற்றுப் பின்னால் அகப்பட்டால் பின்னால் சுற்றுவது போலவும் தெரிகிறது.

இடைவெளியை மாற்றிச் சரிசெய்யலாமா என்று கேட்பீர்கள். ஒரே ஒரு காத்தாடி, அதுவும் வேகம் மாறாத பழைய ரகம் என்றால், மூன்றில் ஒரு சுற்றின் மடங்குக்குச் சற்றே கூடுதலாக இடைவெளி வைத்தால் அது மெதுவாக முன்னால் சுற்றுவது போலக் காட்டலாம். கேட்க நன்றாக இருக்கும், நடைமுறைக்கு ஆகாது. 40 சுற்று என்றால் விநாடிக்கு 240 டிகிரி. இன்டர்வெலோமீட்டரும் ஷட்டரும் சேர்ந்து 0.05 விநாடி முன்பின் ஆனாலே இறக்கை 12 டிகிரி தள்ளிப் போய்விடும். உங்கள் கருவியோ முழு விநாடிக் கணக்கில்தான் இடைவெளி வைக்கவே விடும். இதில் காத்தாடிக்குக் காத்தாடி வேகம் வேறு.

ஆகவே இடைவெளியை விடுங்கள், எக்ஸ்போஷரை, அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை, நீட்டுங்கள்.

ஷட்டர்மணி

அண்ணன் சொன்னதுதான். என்டி1000 ஃபில்டர் (லென்ஸ் முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடி) ஒன்று வாங்குங்கள், பத்து ஸ்டாப் குறையும், அதாவது வெளிச்சம் ஆயிரத்தில் ஒரு பங்காகும். நல்ல வெயிலில் எஃப்/8, ஐஎஸ்ஓ 100 என்றால் 1/400 வரும் இல்லையா, ஃபில்டரைப் போட்டால் அதுவே இரண்டரை விநாடி. இடைவெளியை 5 விநாடி ஆக்கினால் எக்ஸ்போஷர் அதில் சரிபாதி, சினிமாக்காரர்கள் 180 டிகிரி என்று சொல்லும் விகிதம் வந்துவிடும். இறக்கை பனிபோலக் கரைந்து ஒரு வட்டமாகிவிடும், குதிக்க அங்கே ஒன்றும் இருக்காது. மேகமும் கொஞ்சம் பட்டுப் போல வரும்.

வாங்கும்போது திருகித் திருகி அளவை மாற்றும் ரகத்தை வாங்காதீர்கள், 18 மில்லிமீட்டரில் வானத்தின் குறுக்கே எக்ஸ் மாதிரி கறுப்பு விழும். மலிவான என்டி1000 பழுப்பு நிறம் பூசும், அது பரவாயில்லை, எல்லாப் படத்திலும் ஒரே மாதிரிதான் பூசும், ரா (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) வடிவில் எடுத்தால் ஒரே இழுப்பில் சரி.

நாஞ்சில்வாசி

இரண்டரை விநாடியா? இங்கே ஆடிக் காற்றில் அம்மியே பறக்கிறது, என் டிரைபாட் எந்த மூலைக்கு? 1/200-லேயே சில படங்களில் மலை அசைந்திருக்கிறது.

காத்தாடிமைனர்

டிரைபாட் விஷயத்துக்கு நான் வருகிறேன். அந்தக் காற்றில்தான் எனக்கு வளர்ப்பு.

எல்லோரும் ஒன்று சொல்வார்கள், நடுக்கம்பியில் பையைத் தொங்கவிடு, ஆடாது என்று. பை அந்தரத்தில் தொங்கினால் காற்றில் அதுவே ஊஞ்சலாடி டிரைபாடையும் சேர்த்து ஆட்டும். பையின் அடி தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிற மாதிரி தாழக் கட்டுங்கள். நடுக்கம்பியைத் தூக்கவே கூடாது. காலில் கீழே இருக்கும் மெலிந்த கண்ணியை இழுக்க வேண்டாம், முட்டி உயரமே போதும், மேகம் எங்கேயும் ஓடிவிடாது. கழுத்துப் பட்டையைக் கழற்றி வையுங்கள், படபடவென்று அடித்துக்கொண்டு பாதி அசைவு அதனால்தான் வருகிறது. லென்ஸில் ஐஎஸ் (அசைவு தடுப்பு) பொத்தானை அணைத்துவிடுங்கள். அப்புறம், கார் இருந்தால் காருக்குக் கிழக்கே, இல்லையென்றால் ஏதாவது மதில் மறைவில் வையுங்கள். காற்று மேற்கிலிருந்துதானே வருகிறது, நீங்கள் பார்ப்பதும் மேற்கு. மதிலுக்கு மேலே லென்ஸ் மட்டும் எட்டிப் பார்த்தால் போதும்.

இதற்கு மேலும் பெரிய காற்று அடித்தால் இரண்டரை விநாடியை மறந்துவிடுங்கள். மலை விளிம்பே கலங்கித் தெரியும்.

கரிசல்கண்

நான் ஷட்டர்மணியோடு கொஞ்சம் முரண்படுகிறேன். இரண்டரை விநாடி வைத்தால் இறக்கை முழு வட்டமாகக் கரையும், உண்மை. ஆனால் வானத்துக்கு எதிரே வெள்ளை இறக்கை அப்படிக் கரைந்தால் ஒன்றுமே தெரியாது, வெறும் கம்பம் நட்டு வைத்த மாதிரி இருக்கும். காத்தாடி என்று யாருக்குத் தெரியப் போகிறது? பெரிய காத்தாடிக்கு அரை விநாடி வைத்துப் பாருங்கள், 15 சுற்றில் அரை விநாடிக்கு 45 டிகிரி, ஒவ்வொரு இறக்கையும் ஒரு விசிறி மாதிரி விரியும். சுற்றுகிறது என்று கண்ணுக்குப் புரியும்.

ஷட்டர்மணி

விசிறி மாதிரி விரிந்தாலும் அடுத்த படத்தில் அந்த விசிறி வேறு இடத்தில்தானே இருக்கும்? குதிப்பது குதிப்பதுதான், கூர்மை மழுங்கியிருக்கும், அவ்வளவே.

கரிசல்கண்

மழுங்கினால் போதும். கண்ணை உறுத்துவது கூர்மையான இறக்கை இடம் மாறுவதுதான், மங்கலான விசிறி இடம் மாறினால் அதைச் சுழற்சி என்றே மூளை எடுத்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் காத்தாடி இல்லாத முப்பந்தல் முப்பந்தலே இல்லை.

ஷட்டர்மணி

சரி, இது ரசனை. நான் விட்டுத்தர மாட்டேன், நீங்களும் விட்டுத்தர மாட்டீர்கள். :)

பழையலென்ஸ்

சண்டையை நிறுத்துங்கள், மினுக்கலைப் பற்றி யாரும் பேசவில்லை. அதைப் பேசினால் இந்த அரை விநாடிப் பஞ்சாயத்தும் அதிலேயே தீர்ந்துவிடும்.

நாஞ்சில்வாசி, எல்லாம் மேனுவலில் இருந்தும் மினுக்குகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், அப்பர்ச்சர்தான். இன்றைய லென்ஸ்கள் எப்போதும் முழுதாகத் திறந்தேதான் இருக்கும். ஷட்டரை அழுத்தும் கணத்தில் மட்டும் இதழ்கள் எஃப்/11-க்குச் சுருங்கி, படம் எடுத்ததும் மறுபடி விரியும். ஒவ்வொரு தடவையும் அச்சு அசலாக அதே அளவுக்குச் சுருங்காது, ஒரு மயிரிழை முன்பின் இருக்கும். தனிப் படத்தில் அது யாருக்கும் தெரியாது. விநாடிக்கு 25 படம் அடுக்கி ஓட்டும்போது மினுக் மினுக். துளை சின்னதாக ஆக ஆக அந்த மயிரிழையின் பங்கு பெரிதாகும், அதனால் எஃப்/11-ல் அதிகம், எஃப்/5.6-ல் குறைவு.

வழி என்ன? துளை சுருங்கவே வேண்டியிராத நிலையில் எடுப்பது, அதாவது லென்ஸை முழுதாகத் திறந்து வைப்பது. உங்கள் 18-55 லென்ஸ் 18-ல் எஃப்/3.5. வெயிலில் அது 1/2000 கேட்கும், மேலே என்டி1000 போட்டால் கிட்டத்தட்ட அரை விநாடி. பார்த்தீர்களா? மினுக்கலும் போயிற்று, இறக்கையும் விரிந்தது. சின்னக் காத்தாடிகள் அரை விநாடியில் முழு வட்டமாகக் கரையும், பெரியவை கரிசல்கண் கேட்ட விசிறி. காற்றில் அரை விநாடி தாக்குப்பிடிப்பதும் இரண்டரையைவிட எவ்வளவோ எளிது. இடைவெளி 3 விநாடியாகவே இருக்கட்டும்.

எஃப்/3.5-ல் கூர்மை போய்விடாதா என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் சென்சாரில் 18 மில்லிமீட்டர், எஃப்/3.5 என்றால் 5 மீட்டரில் ஃபோகஸ் வைத்தாலே இரண்டரை மீட்டரிலிருந்து மலை வரைக்கும் தெளிவுதான். மூலைகள் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். 6000 பிக்சல் அகலப் படத்தை 3840-க்குச் சுருக்கும்போது அதில் பெரும்பகுதி மறைந்துவிடும்.

இன்னொரு வழி, அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய மேனுவல் லென்ஸ். எம்42 (பழைய திருகு ரகம்) அல்லது பழைய நிகான் லென்ஸை ஒரு சாதாரண வளையம் போட்டு கேனனில் மாட்டலாம். அதில் துளையை நீங்கள் கையால் எங்கே வைத்தீர்களோ அங்கேயே நிற்கும், கேமராவுக்கு அதைத் தொட வழியே கிடையாது. என் பெயரைப் பார்த்தாலே தெரியும் நான் எந்தக் கட்சி என்று.

நாஞ்சில்வாசி

இது புரிந்தது அண்ணே. ஃபில்டரைப் போட்ட பிறகு ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாதே?

பழையலென்ஸ்

செய்யாது, செய்யவும் கூடாது. ஃபில்டரைப் போடுவதற்கு முன்பே ஃபிரேமும் ஃபோகஸும் வைத்து, லென்ஸ் பொத்தானை எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ் செய்யும் நிலை) தள்ளி, வளையத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஃபில்டரைத் திருகும்போது ஃபோகஸ் நகர்ந்துவிடும், கிட் லென்ஸில் முன்பகுதியே சேர்ந்து சுற்றும் ரகமும் உண்டு, டேப் அதற்குத்தான். கண் வைத்துப் பார்க்கும் துளையையும் மூடுங்கள், கருப்பு ஃபில்டர் போட்ட நிலையில் பின்னாலிருந்து நுழையும் வெளிச்சம் படத்தில் படலமாக விழும். கேனன் பட்டையிலேயே அதற்கென்று ஒரு ரப்பர் மூடி கோத்திருக்கும், பாதிப் பேர் அது எதற்கென்று தெரியாமலே வைத்திருக்கிறார்கள். (பட்டையைக் கழற்றச் சொன்னார் மைனர், மூடியை மட்டும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.)

மெனுவில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், நீள எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன், படம் எடுத்ததும் திரையில் காட்டுவது மூன்றையும் அணைத்துவிடுங்கள். இரண்டாவது ரொம்ப முக்கியம், இரவில் நீள எக்ஸ்போஷர் எடுத்தால் அது ஒவ்வொரு படத்துக்கும் அதே அளவு நேரம் ஒரு இருட்டுப் படம் எடுத்து உட்காரும், உங்கள் இடைவெளி சிதறிப்போகும்.

சென்னைசேகரம்

வீடியோ யோசனையை யாரும் மதிக்கவில்லையே, நான் மதிக்கிறேன். 25 ஃபிரேமில் 20 நிமிடம் எடுத்தால் 30,000 ஃபிரேம். 75-க்கு ஒன்று எடுத்தால் 3 விநாடி இடைவெளிதான். எஃப்எஃப்எம்பெக் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது, அதில் டிமிக்ஸ் என்ற ஃபில்டர் அடுத்தடுத்த ஃபிரேம்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கும். 25 ஃபிரேமைக் கலந்தால் ஒரு விநாடி எக்ஸ்போஷர் வைத்த மாதிரியே இறக்கை கரையும். என்டி ஃபில்டர் செலவு கிடையாது, வீட்டுக்கு வந்த பிறகு அரை விநாடியா ஒரு விநாடியா என்று நிதானமாக முடிவு செய்யலாம். மேலே நடந்த சண்டையே தேவைப்பட்டிருக்காது. முக்கியமாக ஷட்டர் தேயாது.

பழையலென்ஸ்

யோசனை நல்லதுதான், குறைகளையும் சொல்லிவிடுங்கள் சார். 1500டி-யில் வீடியோ 1080 வரைதான், ஒரே மூச்சில் 29 நிமிடம் 59 விநாடிக்கு மேல் ஓடாது, 4 ஜிபி ஆனதும் கோப்பு உடையும். ரா கிடையாது, வெள்ளை மேகத்தில் வெளிச்சம் வெடித்தால் திரும்ப எடுக்க முடியாது. மேகம்தானே இங்கே கதாநாயகன்?

கரிசல்கண்

ஷட்டர் தேய்மானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 10 விநாடிக் காட்சிக்கு 250 படம், 3 விநாடி இடைவெளியில் பன்னிரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் டைம்லாப்ஸ் பிடித்தவர்கள் பன்னிரண்டு நிமிடத்தில் வீட்டுக்குப் போனதில்லை. ஒரு மணி நேரம் ஓடினால் 1200 தட்டு. நிகான் டி7000 மாதிரி கேமராவுக்கே 150,000 தட்டு என்றுதான் கம்பெனி சொன்னது. அதனால் நல்ல கேமராவைக் கல்யாணத்துக்கு வைத்துக்கொண்டு, இதற்கென்று பழைய கேமரா ஒன்றை வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

ஒரு தகவல் சொல்கிறேன், பலருக்கு நம்பிக்கை வராது. 4கே என்பது 3840-க்கு 2160, அதாவது 8.3 மெகாபிக்சல்தான். நிகான் டி200 படம் 3872-க்கு 2592. மேலும் கீழும் வெட்டினாலும் 4கே தாராளமாக வரும், இன்டர்வல் டைமர் கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஜேம்ஸ் பாலோக் 2007-ல் எக்ஸ்ட்ரீம் ஐஸ் சர்வே தொடங்கி கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்காவில் பனியாறுகளுக்கு எதிரே வருடக்கணக்கில் நிறுத்தி வைத்தது இந்த டி200-ஐத்தான், சோலார் பலகையும் பெட்டியும் சேர்த்து. பனிப்புயலையே தாங்கிய கேமரா, முப்பந்தல் காற்றையா தாங்காது?

காத்தாடிமைனர்

பனிப்புயலில் மணல் கிடையாதே. :) பணகுடிப் பக்கம் மண் பறக்கும், லென்ஸை அங்கே வைத்து மாற்றாதீர்கள். ஊதும் பம்பு இல்லாமல் முன் கண்ணாடியைத் துணியால் துடைக்கவும் வேண்டாம், ஃபில்டரில் கீறல் விழும்.

நாஞ்சில்வாசி

சாயங்காலம் தொடங்கி இருட்டும் வரைக்கும் ஒரே ஓட்டமாக எடுக்க ஆசை. வெளிநாட்டுக்காரர்கள் வீடியோக்களில் மெல்ல மெல்ல இரண்டு மணி நேரத்துக்கு இருட்டுகிறது, எனக்கு மட்டும் டப்பென்று இருட்டிவிடுகிறது.

சென்னைசேகரம்

அது உங்கள் தவறில்லை, அட்சரேகை. நாகர்கோவில் பக்கம் 8 டிகிரிதான், சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்கும். அஸ்தமனத்திலிருந்து முழு இருட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம் அளவில் முடிந்துவிடும், அதிலும் முதல் 20 நிமிடம் கொஞ்சம் கழிந்ததுமே தெருவிளக்கு தேவைப்படும். லண்டனில் ஜூன் மாதம் முழு இருட்டு வருவதே கிடையாது. அங்கே இருப்பவர் சொல்லும் செட்டிங்கை அப்படியே இங்கே போட்டால் பாதி வழியில் படம் கறுத்துவிடும். போதாக்குறைக்கு உங்களுக்கு மேற்கே மலை, சூரியன் கடலில் மறைவதற்கு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். மலை கறுப்பு, வானம் வெளிச்சம்.

அந்த ஒரு காட்சிக்கு மட்டும் என்டி ஃபில்டரைத் தொடங்கும்போதே கழற்றிவிட்டு, ஏவி மோடில், அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, ஷட்டர் வேகத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ள விடுங்கள். ஃபிரேமுக்கு ஃபிரேம் படிப்படியாகத் தாவும். வீட்டில் எல்ஆர்டைம்லாப்ஸ் என்ற மென்பொருளில் சமன் செய்துகொள்ளலாம், அதன் இலவசப் பதிப்பு 400 படம் வரை எடுத்துக்கொள்ளும். அதுவும் வேண்டாம் என்றால் எஃப்எஃப்எம்பெக்கிலேயே டிஃபிளிக்கர் என்று ஒன்று இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: சராசரி எடுக்கும் ஃபிரேம் எண்ணிக்கையைச் சின்னதாகவே வையுங்கள், ஐந்திலிருந்து பத்து. பெரிதாக வைத்தால் சூரியனை மேகம் மறைத்து வெளிச்சம் நிஜமாகவே குறைகிறதே, அதையும் மினுக்கல் என்று நினைத்து அழித்துவிடும்.

காத்தாடிமைனர்

நேரம் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், சாயங்காலத்தை விடக் காலை நல்லது. நீங்கள் நிற்பது மலைக்குக் கிழக்கே. காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து நேராக மலைமேல் விழும், பச்சையும் பாறையும் பளிச்சென்று தெரியும். மேகம் கன்னியாகுமரி மாவட்டப் பக்கம் ஏறி வந்து, உச்சியைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது காற்று சூடாகி அப்படியே ஆவியாகிக் காணாமல் போகும், அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் வெறும் காற்று. வெறும் கண்ணுக்கு மேகம் மலைமேல் சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் தெரியும். டைம்லாப்ஸில்தான் அது கொட்டிக்கொண்டே இருப்பதும் பாதி வழியில் கரைவதும் தெரியும். மதியத்துக்கு மேல் மலை நிழலாகிவிடும், அந்தக் கரைகிற விளிம்பு சரியாகத் தெரியாது. மகேந்திரகிரியை ஃபிரேமின் ஓரத்தில் வைத்தால் மேகம் எந்த உயரத்தில் உடைகிறது என்பதற்கு ஒரு அளவும் கிடைக்கும்.

இன்னொன்று. மகேந்திரகிரி அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது, தென்கிழக்கே கடலோரம் கூடங்குளம். மணிக்கணக்கில் முக்காலி போட்டு மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளிடம் வந்து விசாரிக்கத்தான் செய்வார்கள். வளாகத்துச் சுவர் பக்கமே போகாதீர்கள், டிரோன் எண்ணமே வேண்டாம். தோட்டத்துக்காரரிடம் சொல்லிவிட்டு அவர் இடத்துக்குள் நின்றால் தொல்லை கிடையாது, அநேகமாக அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசுவார்.

நாஞ்சில்வாசி

என்டி1000 சொல்லியாகிவிட்டது, 58 மில்லிமீட்டர். காலையில்தான் போகப் போகிறேன். கடைசியாக ஒன்று, எல்பி-இ10 பேட்டரி ஒன்றுதான் இருக்கிறது, ஒரு மணி நேரம் ரா வடிவில் எடுத்தால் ஓடுமா? கார்டு எவ்வளவு வேண்டும்?

ஷட்டர்மணி

லைவ் வியூ போடாமல், திரையை அணைத்து வைத்தால் ஒரு மணி நேரம் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் கம்பெனிக் கணக்கு 500 படம் அளவுதான், நீங்கள் எடுக்கப்போவது 1200, நம்பி இறங்காதீர்கள். இரண்டாவது பேட்டரி வாங்குவதைவிட, நடுவில் மாற்றினால் ஃபிரேம் நகரும் பாருங்கள், பவர் பேங்கில் செருகுகிற டம்மி பேட்டரி வாங்குவது மேல். எல்பி-இ10 அளவில் கிடைக்கிறது. கார்டு 64 ஜிபி போடுங்கள், ரா ஒன்றுக்கு 25-லிருந்து 30 எம்பி என்றால் 1200 படம் 36 ஜிபி வரை போகும். கோப்பு எண் 9999-ஐ நெருங்கியிருந்தால் கிளம்பும் முன் எண்ணை மீட்டமைத்துவிடுங்கள், நடுவில் 0001 ஆனால் எடிட்டிங்கில் வரிசை இரண்டாக உடையும்.

கரிசல்கண்

எடுத்ததும் அரை விநாடிக் காட்சியை இங்கே போடுங்கள் தம்பி. முடிந்தால் ஷட்டர்மணிக்காக எஃப்/8 வைத்து இரண்டரை விநாடியிலும் ஒன்று எடுங்கள், அதில் மினுக்கினாலும் பரவாயில்லை, கம்பம் மட்டும் தெரிகிறதா என்று எல்லோரும் பார்த்துவிடலாம்.